ஆள் கடத்தறவனுக்கு நம்ம சட்டமன்றமே தண்டனையைக் கூட்டுனா என்ன?

காங்கேயத்தான் | திங்கள், இரவு 9.12

போன வாரம் ஒறம்பரை ஒருத்தரை ரயிலேத்தி உடப் போயிருந்தனுங்க. எந்த ஸ்டேஷன்னு வேண்டாம். தன்பாத் வண்டி வந்து நின்னுச்சு. பதினோரு பொண்ணுங்க இறங்குனாங்க. பதினாறு, பதினேழு வயசு இருக்கும். எல்லார் கையிலயும் ஒரே மாதிரி நீலப் பை. கூட ஒரு ஆளு. அத்தனை பேர் ஆதார் கார்டும் அவன் கையில, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வச்சிருந்தான். பட்டியில ஆட்டை எண்ணற மாதிரி தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணுனான். ஒரு புள்ள தண்ணிக் குழாய்ப் பக்கம் நகர்ந்துச்சு. இவன் ஒரு சத்தம் போட்டான், குடிக்காமயே திரும்பிருச்சு. வெளிய வேன் ஒண்ணு, ஜன்னலுக்கெல்லாம் திரை.

அங்க நின்ன போலீஸ்காரர்கிட்டப் போய்ச் சொன்னேன். "மில்லுக்கு வேலைக்குப் போறாங்க சார், தினமும் வர்றதுதான்" அப்படின்னுட்டு போனைப் பாக்க ஆரம்பிச்சுட்டார்.

என்ற கேள்வி இதுதான். 2017ல ஜல்லிக்கட்டுக்காக மத்தியச் சட்டத்துக்கே நம்ம சட்டமன்றம் திருத்தம் போட்டுச்சு. குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கியாச்சு. 2023 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டும் செல்லும்னு சொல்லிருச்சு. காளைக்கு முடிஞ்சது புள்ளைகளுக்கு முடியாதுங்களா? ஆளைக் கடத்தி விக்கறவனுக்குக் குறைஞ்சது 20 வருசம், ஜாமீனே கிடையாதுன்னு தமிழ்நாடே ஒரு சட்டம் போட்டா யாரு தடுக்கறா?

நொய்யல்கரை | திங்கள், இரவு 9.40

முழுசா ஆதரிக்கிறேன் அண்ணா. 2025 ஜனவரியில பாலியல் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டி நம்ம சட்டமன்றத்துல மசோதா நிறைவேத்துனாங்களே, அதே வழியில இதையும் செய்யலாம். அதுக்கு முன்னாடியே கையில ஒண்ணு இருக்கு. 1982 குண்டர் சட்டத்தோட பேரை முழுசாப் படிச்சுப் பாருங்க. சாராயம் காய்ச்சறவன், மணல் அள்ளறவன், திருட்டு சிடி விக்கறவன் வரைக்கும் பட்டியல் போட்டிருக்கு. விபசாரத்துக்கு ஆள் பிடிக்கறவனும் அதுல உண்டு. மில்லுக்கும் செங்கச் சூளைக்கும் ஆள் பிடிச்சு விக்கற புரோக்கர் மட்டும் இல்ல. அவனையும் சேர்த்து 12 மாசம் உள்ள தூக்கிப் போட்டா ஒருத்தன் ஸ்டேஷன் பக்கம் வருவானா?

பஞ்சுமூட்டை | திங்கள், இரவு 10.05

ஏனுங்க, நான் 22 வருசமா ஸ்பின்னிங் மில்லுல இருக்கறவன், இப்ப சூப்பர்வைசர். வெளிமாநிலப் புள்ள வேன்ல ஏறுனாலே கடத்தல்னு எழுதறது அநியாயம். எங்க ஹாஸ்டல்ல இருந்துக்கிட்டே பிளஸ் டூ பாஸ் பண்ணி, தபால்ல டிகிரி முடிச்ச புள்ளைக இருக்குது. மாசாமாசம் அக்கவுண்ட்ல சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் உண்டு. ஜன்னல்ல திரை போட்டா அது வெயிலுக்குங்க. இருபது வருசம் ஜெயில்னு பயமுறுத்துனா நல்ல மில்லுக்காரன் ஹாஸ்டலை மூடிட்டுப் போயிருவான். கெட்டவன் காண்ட்ராக்டர் பேர்ல மறைஞ்சுக்குவான்.

காங்கேயத்தான் | திங்கள், இரவு 10.11

ஆதார் கட்டும் வெயிலுக்குத்தானுங்களா?

பஞ்சுமூட்டை | திங்கள், இரவு 10.20

அது தப்புத்தான். ஒத்துக்கறேன்.

கோர்ட்டுப்படி | செவ்வாய், காலை 6.50

ஈரோட்டுப் பக்கம் வக்கீலா இருக்கேன். இந்த மாதிரி வழக்கு நாலஞ்சு பார்த்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். பொறுத்துக்குங்க.

மாநிலம் சட்டம் போட முடியும். குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியல்ல இருக்கு, அதாவது மத்திய அரசும் மாநிலமும் ரெண்டு பேருமே சட்டம் போடலாம். மத்தியச் சட்டத்தோட மோதற இடம் வந்தா அரசியல் சாசனம் 254(2)படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேணும், அவ்வளவுதான். காங்கேயத்தார் சொன்ன காளைக் கணக்கு சரி.

ஆனா தண்டனை குறைவுன்னு நினைக்கறீங்களே, அங்கதான் இடிக்குது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல ஆள் கடத்தல் பிரிவு 143ஐ எடுத்துப் பாருங்க. ஒருத்தரைக் கடத்துனா 7 முதல் 10 வருசம். ஒருத்தருக்கு மேலன்னா 10 வருசத்துல இருந்து ஆயுள். ஒரு சிறாரைக் கடத்துனா அதே 10 முதல் ஆயுள், பல சிறார்னா 14 வருசத்துல இருந்து ஆயுள். போலீசோ அரசு ஊழியரோ கூட்டுன்னா சாகற வரைக்கும் உள்ளதான். நீங்க ஸ்டேஷன்ல பார்த்தது நிஜமாவே கடத்தலா இருந்தா, அந்தப் பதினோரு புள்ளைகளுக்கு அவனுக்குக் காத்திருக்கறது குறைஞ்சது 14. அது அவனுக்கும் தெரியாது, போன் பார்த்த போலீஸ்காரருக்கும் தெரியாது.

அப்புறம் ஏன் யாரும் உள்ள போறதில்ல? அந்தப் பிரிவுல எஃப்ஐஆரே விழறதில்ல. காரணத்தைச் சொல்றேன். டில்லி நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு, சட்டத்தை எப்படி மாத்தணும்னு வர்மா குழு அறிக்கை வந்துச்சு. 2013 பிப்ரவரியில ஆள் கடத்தல் பிரிவையும் மாத்தி ஒரு அவசரச் சட்டம் போட்டாங்க. அதுல சுரண்டல்னா என்னன்னு சொல்ற இடத்துல "கட்டாய உழைப்பு"ன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு. ரெண்டு மாசத்துல பார்லிமெண்ட்ல முழுச் சட்டமா வந்தப்ப அந்த வார்த்தையைக் காணோம். உடல் சுரண்டல், பாலியல் சுரண்டல், அடிமைத்தனம், உறுப்பை வலுக்கட்டாயமா எடுக்கறது எல்லாம் இருந்துச்சு. நியாய சன்ஹிதாவுல பிச்சை எடுக்க வைக்கறதைச் சேர்த்தாங்க. கட்டாய உழைப்பு திரும்பி வரவே இல்ல. ஸ்டேஷன்ல போய் "மில்லுல அடைச்சு வச்சு வேலை வாங்கறாங்க"ன்னு சொன்னா, ரைட்டர் பிரிவைப் புரட்டிப் பார்த்துட்டு "இது லேபர் ஆபீஸ் விவகாரம்ங்க"ன்னு அனுப்பிர்றார். "உடல் சுரண்டல்"ல இதுவும் அடங்கும்னு நாம வாதாடலாம். ஆனா வாதாடற இடம் கோர்ட்டு. கோர்ட்டு வரைக்கும் கேஸ் வரணுமே.

அதனால என்னைக் கேட்டா, மாநிலத் திருத்தம் போட்டா வருசத்தைக் கூட்ட வேண்டாம், அந்த ஒத்தை வார்த்தையைச் சேருங்க. சாசனம் 23ல கட்டாய உழைப்பு கூடாதுன்னு 1950ல இருந்தே இருக்கு. குறைஞ்சபட்சக் கூலிக்குக் கீழ குடுத்து வாங்கற வேலையே கட்டாய உழைப்புதான்னு ஆசியப் போட்டி வழக்குல 1982லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு.

நொய்யல்கரை தம்பிக்கு ஒண்ணு. குண்டாஸ் போட்டா பேப்பர்ல போட்டோ வரும். ஒரு தேதி தப்பா இருந்தாலும் ஹைகோர்ட்டு ரத்து பண்ணிரும். விசாரணையே இல்லாம உள்ள வைக்கறது அது. பாதிக்கப்பட்ட புள்ளைக்கு அதுல ஒரு பைசா பிரயோசனம் இல்ல.

தறிச்சத்தம் | செவ்வாய், காலை 8.15

வக்கீலய்யா, நான் பள்ளிபாளையம் பக்கம் பன்னண்டு தறி வச்சு ஓட்டறேன். எல்லாம் பேங்க் கடன். ஆளு வரணும்னா முன்பணம் குடுத்தாத்தான் வருவான். போன தைக்கு ஒரு குடும்பத்துக்கு 60,000 குடுத்தேன். மூணு மாசம் ஓட்டுனாங்க. மகளுக்குக் காதுகுத்துன்னு போனவங்க குமாரபாளையத்துல இன்னொருத்தன்கிட்ட 80,000 வாங்கிட்டு அங்க தறி ஓட்டறாங்க. என்ற பணம் போச்சு. நான் போய்க் கூப்பிட்டா நான் கடத்தல்காரனுங்களா? முன்பணம் குடுத்தவனையெல்லாம் உள்ள போடறதுன்னா நாமக்கல், ஈரோடு ரெண்டு ஜில்லாவும் ஜெயிலுக்குள்ளதான் இருக்கணும்.

கோர்ட்டுப்படி | செவ்வாய், காலை 8.52

கடன் குடுத்ததே குற்றம்னு ஆகாதுங்க. அவர் போனாரு, நீங்க விட்டீங்க, அப்ப அது வெறும் கடன். வாசல்ல ஆளை நிறுத்தி, "பாக்கி தீராம வெளிய கால் வைக்காதே"ன்னு சொன்னா அந்த நிமிசமே கொத்தடிமை. 1976 சட்டம் அதைத்தான் சொல்லுது. கொத்தடிமைன்னு தெரிஞ்சா அந்தக் கடனே செல்லாது, திருப்பித் தர வேண்டியதில்ல. அந்தச் சட்டத்துல தண்டனை எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 3 வருசம், அபராதம் 2,000 ரூபா. 1976ல இருந்து அதே ரெண்டாயிரம். அதுவும் ஜாமீன்ல விடக்கூடிய குற்றம். ஸ்டேஷன்லயே கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிரலாம்.

தறிச்சத்தம் | செவ்வாய், காலை 9.03

கடனே செல்லாதுன்னா அப்புறம் எவன் முன்பணம் குடுப்பான்? குடுக்கலைன்னா அந்த ஜனம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எங்க போகும்? இதையும் யோசிங்க.

நொய்யல்கரை | செவ்வாய், காலை 9.30

எங்க போகும்னு 2025லயே பார்த்தாச்சு அண்ணா. உங்க ஊர்லதான். தறித் தொழிலாளிங்க கடனுக்காகக் கிட்னியை வித்த விவகாரம் ஊரே நாறுச்சு. ஹைகோர்ட்டே தலையிட்டு சிறப்புப் புலனாய்வுக் குழு போட்டுச்சு.

தறிச்சத்தம் | செவ்வாய், காலை 9.41

அதுல எங்க தெருக்காரங்களும் உண்டு தம்பி. வயித்துல தையல் போட்ட இடத்தைத் துண்டால மறைச்சுக்கிட்டு, மறுபடி தறிக்குத்தான் வந்தாங்க. பாரம் தூக்க முடியல. நான் ஒண்ணும் கல் நெஞ்சுக்காரன் இல்ல.

கோர்ட்டுப்படி | செவ்வாய், மதியம் 1.20

அந்தக் கிட்னி வழக்குகள்ல ஒரு பெரிய பொறி இருக்கு. உறுப்பு மாற்றுச் சட்டத்துல, காசுக்கு வாங்கறவன் மட்டுமில்ல, காசு வாங்குனவனும் குற்றவாளி. 5 முதல் 10 வருசம், அபராதம் 20 லட்சத்துல இருந்து ஒரு கோடி. லட்சக்கணக்குல கடன்பட்டு கிட்னியை வித்தவன் எந்தத் தைரியத்துல போய்ப் புகார் குடுப்பான்? தண்டனையைக் கண்ணை மூடிக் கூட்டுனா முதல்ல வாயடைச்சுப் போறது பாதிக்கப்பட்டவன்தான். புரோக்கர் அதையே சொல்லித்தான் மிரட்டறான். ஆள் கடத்தல் பிரிவுல அப்படி இல்ல. சம்மதம் குடுத்தாலும் அது சம்மதமே இல்லன்னு தெளிவா எழுதியிருக்கு. மாநிலம் சட்டம் போட்டா அந்த வரியை உறுப்பு விவகாரத்துக்கும் இழுத்துட்டு வரணும்.

அக்கரைச்சீமை | செவ்வாய், மாலை 5.44

இடையில வந்ததுக்கு மன்னிக்கவும். என் சித்தி பையன் டிப்ளமோ முடிச்சவன், டேட்டா என்ட்ரி வேலைன்னு பாங்காக் கூட்டிட்டுப் போனாங்க. அங்கிருந்து ரோடு வழியா மியான்மர் எல்லைக்குக் கொண்டு போய், பொண்ணு பேர்ல சாட் பண்ணி ஆளை ஏமாத்தற வேலை. மாட்டேன்னா ஷாக் வச்சிருக்காங்க. திரும்பி வந்துட்டான், இப்ப போன் அடிச்சாலே எந்திரிச்சு நின்னுக்கறான். அவனை அனுப்புன ஏஜென்ட் பழைய ஆபீசை மூடிட்டு வேற ஊர்ல வேற பேர்ல போர்டு வச்சிருக்கான். இதுக்கு மாநிலம் ஏதாவது செய்ய முடியுங்களா?

கோர்ட்டுப்படி | செவ்வாய், மாலை 6.30

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பற விசயம் மத்திய அரசு கையில. லைசன்ஸ் இல்லாம ஆள் எடுக்கறவனுக்கு 1983 குடிபெயர்வுச் சட்டத்துல ரெண்டு வருசம், ரெண்டாயிரம் ரூபா. மறுபடி அதே ரெண்டாயிரம்! ஆனா பஞ்சாப்காரன் 2012லயே பயண ஏஜென்ட் எல்லாரும் மாநில லைசன்ஸ் எடுக்கணும்னு தனிச்சட்டம் போட்டுட்டான். நமக்கும் அது முடியும். தம்பியை ஏமாத்திக் கூட்டிட்டுப் போய், ஷாக் வச்சு அடிமை மாதிரி வேலை வாங்குனதால 143 பொருந்தும்னு சொல்லலாம். உள்ளூர் ஸ்டேஷன்ல எடுக்கலைன்னா எஸ்பி ஆபீசுக்குத் தபால்ல அனுப்புங்க, ஒப்புகை அட்டையோட.

வெட்டிப்பேச்சு | செவ்வாய், இரவு 7.15

அரபு நாடு மாதிரி நடுரோட்டுல தலையை எடுத்தா எல்லாம் சரியாயிரும்.

நெறியாளர் | செவ்வாய், இரவு 7.31

வெட்டிப்பேச்சு, இது மூணாவது எச்சரிக்கை.

பழைய சைடர் | செவ்வாய், இரவு 11.02

ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன். எழுதலாமா வேண்டாமான்னு இருந்துச்சு. எனக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கம். இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங்.

2014ல, பத்தாவது பரீட்சை எழுதி முடிச்ச மாசம், எங்க தெருவுக்கு ஒரு அக்கா வந்தாங்க. மூணு வருசம் மில்லுல இருந்தா கல்யாணத்துக்கு 40,000 மொத்தமாத் தருவாங்கன்னு நோட்டீஸ் காட்டுனாங்க. தாலியும் குத்துவிளக்கும் படம் போட்டிருந்துச்சு. அம்மா கையில 2,000 குடுத்தாங்க. அக்காவுக்கு ஒரு ஆளுக்கு இவ்வளவுன்னு கமிஷன் உண்டுங்கறது பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. எனக்கு அப்ப பதினஞ்சு.

மில்லு பேரு சொல்ல மாட்டேன். ஸ்பின்னிங்ல சைடு பார்த்தேன். நூல் அறுந்தா ஓடிப் போய் முடிச்சுப் போடணும். எட்டு மணி நேரம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாங்க. ஆள் வரலைன்னா சாப்பிட்ட கையோட அடுத்த ஷிப்டுக்கும் நிக்கணும். தூங்கி விழாம இருக்க சூப்பர்வைசர் விசில் ஊதிட்டே நடப்பார். பஞ்சுமூட்டை அண்ணா, நீங்க அப்படி இல்லாம இருக்கலாம். வாரத்துக்கு ஒரு போன், வார்டன் பக்கத்துல நிக்க, ஸ்பீக்கர்ல போட்டுப் பேசணும். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கடைக்குக் கூட்டிட்டுப் போவாங்க, வரிசையா. பாட்டி செத்ததுக்கு விடலை.

முப்பத்தஞ்சாவது மாசம் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்டக் காட்டிட்டு, "உடம்பு சரியில்லாதவங்களை வச்சுக்க முடியாது"ன்னு அப்பாவை வரச் சொன்னாங்க. சோத்துக்காசு, லீவுக்காசு எல்லாம் பிடிச்சுட்டு 11,300 குடுத்தாங்க. நாப்பதாயிரம் கேட்டதுக்கு, மூணு வருசம் முடியலையேன்னாங்க. அப்பா ஸ்டேஷன் போனார். கூப்பிட்டு வச்சு பஞ்சாயத்துப் பேசி 5,000 வாங்கிக் குடுத்து எழுதி வாங்கிட்டாங்க. கேஸ் இல்ல.

இருபது வருசமா, ஆயுளான்னு நீங்க பேசறீங்க. அந்த அக்கா இன்னும் எங்க ஊர்லதான் இருக்காங்க. இப்ப வார்டு கவுன்சிலர் வீட்டுக்குப் பக்கத்து வீடு, மாடி எடுத்துட்டாங்க.

பஞ்சுமூட்டை | புதன், காலை 5.58

படிச்சனுங்க அம்மிணி. விசில் நானும் ஊதியிருக்கேன்.

நொய்யல்கரை | புதன், காலை 7.20

அக்கா, கேட்கறதுக்கே வெட்கமா இருக்கு. கோர்ட்டுப்படி அண்ணா, இதுக்கு மேலயும் தண்டனையைக் கூட்ட வேண்டாம்பீங்களா? பொள்ளாச்சி வழக்குல 2025 மே மாசம் ஒன்பது பேருக்கும் சாகற வரைக்கும் ஆயுள் குடுத்தாங்களே, அப்புறம்தானே ஊருக்கு நம்பிக்கை வந்துச்சு?

கோர்ட்டுப்படி | புதன், காலை 8.05

அந்தத் தீர்ப்புல எல்லாரும் ஆயுளைப் பார்த்தாங்க. எங்க வக்கீல் சங்க ரூம்ல நாங்க பேசுனது வேற. சாட்சி ஒருத்தர்கூடப் பிறழலை. மூடுன கோர்ட்டுல, யாருன்னு வெளிய தெரியாம, அந்தப் பொண்ணுங்களைக் கடைசி வரைக்கும் காப்பாத்திக் கொண்டு வந்தாங்க. ஆள் கடத்தல்ல சாட்சி யாரு? ஜார்க்கண்டுக்கோ ஒடிசாவுக்கோ ரயிலேறிப் போன புள்ள. நாலு வருசம் கழிச்சு சம்மன் போனா, அந்த விலாசத்துல ஆளே இருக்காது. மீட்ட உடனே, ஊருக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே மாஜிஸ்திரேட் முன்னாடி வாக்குமூலம் எடுக்கணும், பிறகு வீடியோவுல சாட்சி சொல்ல விடணும்னு மாநிலச் சட்டத்துல கட்டாயமா எழுதட்டும். மீட்ட கொத்தடிமைக்கு மறுவாழ்வுத் தொகை மூணு லட்சம் வரைக்கும் உண்டு, ஆனா முழுசும் கைக்கு வர்றதை வழக்கோட முடிச்சுப் போட்டு வச்சிருக்காங்க. அந்த முடிச்சை அவுத்து, மாநிலம் தன் கைக்காசை முன்னாடியே குடுக்கட்டும்.

ஆனா ஒரு விசயத்துல நான் நேத்து எழுதுனது தப்பு. வருசத்தைக் கூட்ட வேண்டாம்னு பொதுவாச் சொல்லிட்டேன். இந்த அம்மிணி கதையைப் படிச்சுட்டு ராத்திரி உட்கார்ந்து யோசிச்சேன். 3 வருசம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றத்துக்கு, நடந்து மூணே வருசத்துக்குள்ள வழக்கு எடுத்தாகணும். காலக்கெடு. அதுக்கு மேல தண்டனை உள்ளதுக்குக் கெடுவே கிடையாது. கொத்தடிமைச் சட்டத்துல அதிகபட்சம் சரியா மூணு! பதினஞ்சு வயசுல மாட்டுன புள்ள, விவரம் தெரிஞ்சு, பயம் தெளிஞ்சு வர்றதுக்குள்ள கதவைச் சாத்திர்றாங்க. அதை அஞ்சோ ஏழோ ஆக்குனாலே காலக்கெடு போயிரும். ஜாமீனையும் கோர்ட்டுல போய்த்தான் கேட்கணும்னு கூடவே மாத்திடலாம். காங்கேயத்தாரே, அந்த இடத்துல நீங்க கேட்டது நியாயம்தான்.

தறிச்சத்தம் | புதன், காலை 8.30

ஏழு வருசம்... செரி. ஆனா முன்பணத்துக்கு ஒரு வழி சொல்லுங்கய்யா. கூட்டுறவு பேங்க்ல தறித் தொழிலாளிக்குச் சின்னக் கடன் குடுத்தா நாங்க ஏன் குடுக்கப் போறோம்?

கோர்ட்டுப்படி | புதன், காலை 8.47

அதுக்கு இங்கயே தனியா ஒரு விவாத இழை போடுங்க, நானும் வர்றேன்.

அம்மிணிக்கு ஒண்ணு. நாம இன்னைக்குப் போடற எந்தச் சட்டமும் உங்களுக்கு உதவாது. பழைய குற்றத்துக்குப் புதுத் தண்டனை கூடாதுன்னு சாசனம் 20 இருக்கு. ஆனா நீங்க மில்லுக்குப் போனது 2014. அப்பவே பழைய தண்டனைச் சட்டத்தோட ஆள் கடத்தல் பிரிவு 370 புது வடிவத்துல அமல்ல இருந்துச்சு. சிறாரை ஆசை காட்டிக் கொண்டு போனா 10 வருசத்துல இருந்து ஆயுள். காலக்கெடு இல்ல. உங்க அப்பா எழுதிக் குடுத்த சமாதானம் அந்தக் குற்றத்தைத் தீர்க்காது. கட்டாய உழைப்புங்கற வார்த்தை இல்லாததால கஷ்டம்தான், ஜெயிப்போம்னு சத்தியம் பண்ண மாட்டேன். நோட்டீஸ், சம்பளச் சீட்டு, எதாவது கையில இருக்குதுங்களா?

பழைய சைடர் | புதன், மதியம் 1.35

சாப்பாட்டு நேரத்துல எழுதறேன். நோட்டீஸ் இல்ல அண்ணா. ஆனா ஒரு நோட்டு இருக்கு. நாப்பது பக்க நோட்டு, அட்டையில ஹாஸ்டல் ரூம் நம்பர் போட்டிருக்கும். மாசாமாசம் பிடிச்ச காசை அதுல எழுதித் தருவாங்க. சோப்பு, சானிட்டரி பேடு, பேன் மருந்து வரைக்கும். தூக்கிப் போட மனசு வரலை, அரிசி டப்பாவுக்கு அடியில வச்சிருக்கேன்.

கோர்ட்டுப்படி | புதன், மதியம் 1.41

கிழியாம ஒரு கவர்ல போட்டு வைங்க. போட்டோ எடுத்து இங்க போட்டுறாதீங்க. தனிச்செய்தியில நம்பர் அனுப்பறேன். சனிக்கிழமை திருப்பூர் வர்றேன்.

காங்கேயத்தான் | புதன், மதியம் 1.58

அந்த அக்கா வீட்டுக்குத் தேனி போகணும்னாலும் சொல்லுங்க. வண்டி சும்மாதான் நிக்குது.

பழைய சைடர் | புதன், இரவு 9.26

வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் இருக்கு. கடைசிப் பக்கத்துல வார்டன் கையெழுத்தும் இருக்கு, பாதி நீலம் பாதி சிவப்பு. பேனா பாதியில நின்னுபோச்சு, என்கிட்டத்தான் வேற பேனா வாங்கிப் போட்டாங்க.